அயர்ன் போட்ட லென்ஸ்

“அயர்ன் போடாம ஒரு பீசு கூட இந்தக் கேட்டத் தாண்டுனதில்ல தம்பி. முப்பது வருசமா இல்ல.”

“அது பீசு இல்லீங்கப்பா. எத்தன தடவதானுங்க சொல்றது.”

“துணிதான?”

“துணிதானுங்க.”

“அப்பறம்?”

அந்த “அப்பறம்?” எங்கள் சமையல்கட்டுச் சுவரைத் தாண்டித் தெளிவாகக் கேட்டது. குக்கர் விசில் வந்தால் அடுத்த பேச்சு காதில் விழாது என்று அடுப்பை அணைத்துவிட்டிருந்தேன். மணியனின் எம்ப்ராய்டரி கம்பெனிக்கும் எங்கள் வீட்டுக்கும் சுவர் ஒன்றுதான். கீழே கம்பெனி, மேலே அவர்கள் குடியிருப்பு. மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய குடும்பம், சண்டையை மட்டும் எப்படி மெதுவாகப் போடும்? பெருமாநல்லூரில் எங்கள் தெருவுக்கு அவர்கள் வீட்டு விஷயம் எல்லாம் தெரியும் என்றால் அதில் எங்கள் குற்றம் பாதிதான்.

காய வைத்த துணியை எடுக்கிற சாக்கில் மாடிக்குப் போனேன். அவர்கள் வாசலில் மணியனின் மகன் தரணீதரன் நின்றுகொண்டிருந்தான். வயது முப்பத்தொன்று. கையில் ஒரு பாலி பேக். அதற்குள் வெள்ளைத் துணிகள் ஆறு, விளிம்போடு விளிம்பு பொருந்த மடித்து அடுக்கியிருந்தன. பேக்கின் மூலையில் ஒரு சைஸ் ஸ்டிக்கர் கூட இருந்தது. ‘எல்’. எதிரே மணியன், தன் வேலையில் குறை சொல்லப்பட்ட முகத்தோடு. மணி காலை எட்டரை. பெங்களூரிலிருந்து ரெண்டு பேர் பதினோரு மணிக்கு வருவதாக இருந்தது. சேலத்தைத் தாண்டிவிட்டதாக அப்போதுதான் போன் வந்திருந்தது.

“அந்தப் பேப்பரு எங்கீங்க?” என்று கேட்டான் தரணி.

“எந்தப் பேப்பரு?”

“துணிக்கு அடியில ஒட்டியிருந்த பேப்பருங்க.”

“கிழிச்சுப் போட்டாச்சு. சரக்கு வாங்க வர்ற பையருக்கு அடிப் பேப்பரோட சாம்பிள் காட்டுவாங்களா, சாமி?”

தரணி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். நன்றாக வளர்ந்த ஆண்பிள்ளை, காலையில் குளித்து நல்ல சட்டை போட்டுக்கொண்டவன், படியில் அப்படி உட்கார்ந்ததைப் பார்த்தபோதுதான் இது சாதாரணச் சண்டை இல்லை என்று எனக்குத் தோன்றியது.

தரணீதரன் சென்னையில் பெரிய கல்லூரியில் ஆறு வருஷம் ஆன்டெனாவைப் பற்றி ஆராய்ச்சி பண்ணினவன். ஊரில் யார் கேட்டாலும் தெய்வாத்தாள், அதாவது அவன் அம்மா, “டவர் படிக்கிறானுங்க” என்று சொல்லி முடித்துக்கொள்வாள். நான் அப்படி விடுகிற ஆள் இல்லை. மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவனும் பொறுமையாகச் சொல்வான். கேட்கிற ஆள் வேறு யாரும் கிடைக்கவில்லை, பாவம்.

அவன் சொன்னது இதுதான். அலைவரிசை கூடக் கூட ரேடியோ அலைக்குத் திமிரும் கூடிவிடுமாம். நிறையச் சேதியைச் சுமக்கும், ஆனால் சுவரைத் துளைக்காது, மூலையில் திரும்பாது, ஒரு வேப்பங்கிளை குறுக்கே வந்தாலே சோர்ந்துவிடும். அதனால் அதை டார்ச் வெளிச்சம் மாதிரிக் குவித்து, ஆள் இருக்கிற பக்கம் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். குவிக்க ஒரு லென்ஸ் வேண்டும். மூக்குக் கண்ணாடியில் இருக்கிற லென்ஸ் நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்து வெளிச்சத்தை வளைக்கிறது. இவனுடைய லென்ஸ் தட்டை. தடிப்புக்கும் மெலிவுக்கும் பதிலாக, வெள்ளி பூசிய நூலில் மிளகளவு வளையங்கள், வரிசை வரிசையாக ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு வளையத்திலும் ஒரு சின்ன வாய் திறந்திருக்கும். நடுவில் ஒரு அளவு, ஓரம் போகப் போக இன்னொரு அளவு. அப்படி ஆறு துணியை அடுக்கினால் அந்த அலைக்கு அது துணியாகவே தெரியாதாம். எந்தக் கண்ணாடிக்கும் இல்லாத குணமெல்லாம் அதற்கு வந்துவிடுமாம். அதற்குப் பெயர் மெட்டாமெட்டீரியல். துணிக்குப் பின்னால் வரிசையாக ஐந்து குட்டி ஆன்டெனா. நடுவில் உள்ளதற்கு உயிர் கொடுத்தால் அலைக்கற்றை நேரே போகும். வலது ஓரத்தில் உள்ளதற்குக் கொடுத்தால் இடது பக்கம் சாயும். மோட்டார் கிடையாது, அசைகிற பாகம் கிடையாது.

“இதைத் துணில எதுக்குங் கண்ணு பண்ணோணும்? தகடு இல்லியா?” என்று கேட்டேன்.

தகட்டில் அச்சடித்துப் பண்ணுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றான். துணி என்றால் சுருட்டிக்கொள்ளலாம். புயலில் டவர் சாய்ந்த ஊருக்குக் கூடாரத்தோடு தூக்கிக்கொண்டு போய் விரித்துக் கட்டலாம். அப்படிச் சொல்லும்போது மலர்கிற அவன் முகம் கல்யாணப் பேச்சு எடுத்தால்கூட அவ்வளவு மலராது. அப்பன் எம்ப்ராய்டரி மெஷின் வைத்திருக்க, மகன் லென்ஸை எம்ப்ராய்டரி போடப் புறப்பட்டான். இதில் கேலி பண்ண எனக்கு நிறைய இருந்தது, பண்ணினேன். அவன் வருத்தப்பட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் நாள் ஓடிவிட்டது. அவனுக்கு வழிகாட்டிய பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். கடைசி உதவியாக, பெங்களூர்க் கம்பெனி ஒன்றிலிருந்து ரெண்டு என்ஜினியர்களை அளவுக் கருவிகளோடு இங்கேயே வரச் சொல்லியிருந்தார். கற்றை சொன்ன பக்கம் சாய்ந்தால் தரணியும் அவன் துணியும் அந்தக் கம்பெனிக்குப் போகலாம். சாயாவிட்டால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு அப்பாவின் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்வதாகவும், பல்லடம் ஜனனியைப் பெண் பார்க்க வருவதாகவும் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். தெய்வாத்தாள் இதை என்னிடம் சொன்னபோது எது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதென்று அவளுக்கே தெரியவில்லை.

இங்கேதான் பூங்குழலி வருகிறாள். சாம்பிள் மெஷின் ஓட்டுகிற பெண், இருபத்துநாலு வயது. அண்ணன் டேனியல் அதே கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். வெள்ளி நூல் பருத்தி நூல் மாதிரிச் சொன்னபடி கேட்காது. நூறு வளையத்துக்கு ஒரு தரம் அறுந்தது. மற்ற ஆபரேட்டர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பூங்குழலி மட்டும் மெஷினைப் பாதி வேகத்துக்கு இறக்கி, நூலின் இழுவையைக் கால் சுற்று தளர்த்தி, அடியில் ரெட்டைப் பேப்பர் கொடுத்து, சத்தத்தைக் கேட்டே நூல் அறுபடப்போவதைக் கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டாள். துணியோ பனியனுக்குப் போடுகிற பின்னல் துணி. கைவிட்டால் சுருங்கும், இழுத்தால் நீளும். அந்தப் பேப்பர் பிடித்துக்கொண்டிருக்கிறவரைதான் வளையம் வளையமாக இருக்கும். நாலு மாதத்தில் ஆறு துணி தேறின.

மாடியில் மிளகாய் காய வைக்கும்போது கம்பெனி ஜன்னல் எனக்கு நேரே தெரியும். ஒரு பூதக்கண்ணாடி. அதற்கு மேலே ரெண்டு தலை. “இந்த வளையம் வாய மூடிருச்சுங் சார்” என்பாள் அவள். “எந்த வரிசை?” என்பான் அவன். நாலு மாதமும் இதேதான் பேசினார்கள் என்பது இப்போது தெரிகிறது. அப்போது எனக்குப் பேச்சு கேட்கவில்லை, தலைகள் மட்டும்தான் தெரிந்தன. தெய்வாத்தாளிடம் போய், “ஒரே கண்ணாடில ரெண்டு பேரும் பாக்கறாங்க, எதுக்கும் ஒரு வார்த்த காதுல போட்டு வைக்கிறேன்” என்றேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை.

தெய்வாத்தாளுக்கு அது போதுமானதாக இருந்தது. எந்தச் சாதிப் பெண், எந்தத் தெருப் பெண் என்றெல்லாம் அவள் மனசுக்குள் ஓடியதை நான் எழுத வேண்டியதில்லை. பெங்களூர்க்காரர்கள் வருவதற்கு ஐந்து நாள் முன்னால் பூங்குழலியைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சொன்ன விதத்தில்தான் தப்பு. வேலை சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். “எங்கூட்டுப் பையன வேற எடத்துல தேடிக்க” என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண் அழவில்லை என்று கேள்வி. சாயந்திரம் வரைக்கும் வேலை பார்த்துவிட்டு, மெஷினைத் துடைத்து வைத்துவிட்டுப் போனாள். அண்ணன்காரன் மட்டும் அந்த வாரச் சம்பளத்துக்காக மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வேலையில் இருந்தான். தரணியிடம் அவளுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவைத்தார்கள்.

மறுநாள் தெய்வாத்தாள் என் அடுப்படிக்கு வந்தாள். முந்தானையில் மடித்த ஒரு தாள். அந்த ஆறு துணிகளுக்கு மேலே வைத்திருந்ததாம். வெளியே ‘தரணி சார்’ என்று எழுதியிருந்தது. அவளுக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால் என்னைப் படிக்கச் சொன்னாள்.

“‘தரணி சார், நான் இல்லாதப்ப’ன்னு ஆரம்பிச்சிருக்குது” என்றேன்.

“போதுங்க்கா. அதுக்கு மேல படிக்காதீங்க.”

“கீழ ஏதோ நம்பரு எழுதீருக்கறா.”

“போன் நம்பருங்க. வேற என்ன எழுதப் போறா.”

போன் நம்பருக்கு நடுவில் புள்ளி வராதே என்று எனக்கு அப்போதே தோன்றியது. தோன்றியதைச் சொல்லவில்லை. அவள் தாளை வாங்கி என் அடுப்பிலேயே காட்டினாள். பால் பொங்குகிற நேரத்தில் அது எரிந்து முடிந்தது.

புதன்கிழமை தரணி கோயம்புத்தூர் போயிருந்தான், துணிகளை விறைப்பாக மாட்டுகிற சட்டத்தை வாங்கிவர. மணியன் கம்பெனியைச் சுற்றி வந்தார். நாளைக்குப் பையர் வருகிறான். அவர் கணக்கில் பெங்களூரிலிருந்து யார் வந்தாலும் பையர்தான். தரை துடைக்கச் சொன்னார். இளநீருக்குச் சொன்னார். பிறகு மகனுடைய சாம்பிள் எப்படி இருக்கிறது என்று பார்த்தார். கசங்கலாக, ஓரம் பிசிறு தொங்க, அடியில் பேப்பர் முறைத்துக்கொண்டு இருந்தது. இப்படியா ஒரு சாம்பிளைப் பையர் முன்னால் வைப்பது?

டேனியல் ஒரு தரம், “பேப்பர எடுக்கலாமுங்களா முதலாளி” என்று கேட்டிருக்கிறான். அதற்கு மேல் கேட்கவில்லை. தங்கச்சியிடம் விசாரித்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். ஆனால் இந்த வீட்டுக்காக அவளை ஒரு வார்த்தை கேட்க அவனுக்கு மனசில்லை. அதையும் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மணியன் டேனியலை நகரச் சொல்லிவிட்டுத் தானே அயர்ன் டேபிளில் நின்றார். பதினேழு வயதில் திருப்பூரில் அயர்ன் மாஸ்டராகத்தான் அவர் பிழைப்பைத் தொடங்கினார். முதலாளியான பிறகு அயர்ன் பெட்டியைத் தொட்டதில்லை. அன்றைக்குப் பேப்பரை மெதுவாகக் கிழித்தெடுத்தார். பிசிறு வெட்டினார். முன்னும் பின்னும் ஸ்டீம் கொடுத்து, மடிப்பு பிறழாமல் மடித்து, பாலி பேக்கில் போட்டார். சாம்பிள் பேக்கில் ஸ்டிக்கர் இல்லாமல் இருக்கக்கூடாது என்று எதையோ எடுத்து ஒட்டினார். மகன் ஆறு வருஷமாக என்ன பண்ணுகிறான் என்று அவருக்கு ஒரு நாளும் புரிந்ததில்லை. அவனுக்காகத் தன் கையால் பண்ணத் தெரிந்தது அது ஒன்றுதான், அதைச் சுத்தமாகப் பண்ணினார். ராத்திரி வந்த மகனிடம் எல்லாம் ரெடி என்று சொன்னார். அவன் அலமாரியைத் திறந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

பின்னல் துணி ஆவி பட்டால் சுருங்கும். அது இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஐந்து பர்சன்ட் வரைக்கும் பையர் ஏற்றுக்கொள்வான். பனியனுக்கு அது ஒரு குறையே இல்லை. அந்த ஆறு துணியும் நாலு பர்சன்ட் சுருங்கியிருந்தன. மணியனைக் கேட்டால் முதல் தரம் என்பார். வளையத்தின் வாய் அரை மில்லிமீட்டர். பேப்பரின் பிடி போய், துணி தன் இஷ்டத்துக்குச் சுருங்கியதில் வளையங்கள் கோழி முட்டையாகக் கோணி, பாதிக்குமேல் வாயை மூடிக்கொண்டுவிட்டன.

இதெல்லாம் வியாழக்கிழமை காலை எட்டரைக்கும் பதினொன்றுக்கும் நடுவில் தரணி கண்டுபிடித்தது. படியிலிருந்து எழுந்தவன் மேலே ஓடினான். பழைய பேப்பரைக் குப்பையில் தேடி எடுத்துப் பசை போட்டு ஒட்டிப் பார்த்தான். சட்டத்தில் மாட்டிக் குண்டூசியால் இழுத்துக் குத்திப் பார்த்தான். ஒரு பக்கம் இழுத்தால் இன்னொரு பக்கம் வளைந்தது. பூங்குழலிக்குப் போன் போட்டான், அணைத்து வைத்திருந்தாள். தெய்வாத்தாள் வாசலில் கோலம் போட்டு முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

பெங்களூர்க்காரர்கள் சரியான நேரத்துக்கு வந்தார்கள். நரைத்த தலைக்காரர் ஒருவர், கூட ஒரு இளம்பெண். ரெண்டு பேரும் தமிழ் பேசினார்கள், ஓசூர்ப் பக்கத்துத் தமிழ். கூப்பிட்டு ஒத்திப்போடச் சொல்லியிருக்கலாமே என்று பிறகு நாங்கள் பேசினோம். தரணி அதைத்தான் வாசலில் கேட்டிருக்கிறான். நரைத்த தலைக்காரர், வந்தது வந்துவிட்டோம், இருக்கிறதை அளந்து பார்த்துவிடலாம் என்றாராம். வேறு ஊர்களில் இதே மாதிரி இன்னும் ரெண்டு குழுவையும் பார்த்துவிட்டு, அந்த வார முடிவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது அவருக்கு.

மேல் ஹாலில் மேஜையை நகர்த்தி இடம் பண்ணியிருந்தார்கள். இளநீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு தெய்வாத்தாளுக்கு உதவியாக நானும் போனேன்; போகாமல் இருக்க என்னால் முடியாது. ஹாலின் ஒரு முனையில் சட்டத்தில் துணி அடுக்கு. மறுமுனையில் அவர்கள் கருவி, ஒரு கம்பத்தில். அந்தப் பெண் கம்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினாள். கம்ப்யூட்டர்த் திரையில் ஒரு மலை மாதிரிக் கோடு. நடு ஆன்டெனாவுக்கு உயிர் கொடுத்தபோது மலை நடுவில் நின்றது. எனக்குக்கூட மனசு லேசானது. பிறகு வலது ஓரம். மலை இடது பக்கம் நகர வேண்டும். நகரவில்லை. நின்ற இடத்திலேயே உடைந்து சின்னச் சின்ன மேடுகளாகச் சிதறிவிட்டது. இடது ஓரத்துக்கும் அப்படியே. இன்னொரு தரம். அப்போதும் அப்படியே. தரணி சுவரில் சாய்ந்து நின்றான். யாரையும் பார்க்கவில்லை.

மணியன் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். ஹாலில் யாரும் பேசாதது அவருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும்.

“ஃபினிஷிங் எல்லாம் திருப்தியாங்க?” என்று கேட்டார்.

நரைத்த தலைக்காரர் துணியை ஒரு தரம் தொட்டுப் பார்த்தார். மரியாதை தெரிந்த மனுஷன்.

“ஃபினிஷிங் ரொம்ப நல்லா இருக்கு சார்.”

மணியன் மகனைத் திரும்பிப் பார்த்தார். காலையில் போட்ட சண்டையில் தன் பக்கம் தீர்ப்பு வந்துவிட்ட பார்வை அது. அந்தப் பார்வை முகத்தில் தங்கியது ஒரு கணம்தான். மகனுடைய முகத்தைப் பார்த்ததும் என்னவோ புரிந்திருக்க வேண்டும். “நான் கீழ போய் வண்டிக்கு வழி பண்றேனுங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சத்தம் போட்டு யாரும் பேசி நான் கேட்டதில்லை. குக்கரை அணைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது.

ஒரு மாதம் கழித்து தரணி அருள்புரம் போனான். பூங்குழலி அங்கே சித்தி வீட்டில் தங்கி வேறு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். டேனியலும் வேலையை விட்டு அங்கேயே போயிருந்தான். மீதி இருந்த வெள்ளி நூலில் ஒரு துணியாவது போட முடியாதா, அதை வைத்து வேறு யாரையாவது பார்க்கலாமே என்று கேட்கத்தான் போனான். அவளை வெளியே வர விடவில்லை. ஜன்னலுக்கு உள்ளே நின்றபடி அவள் சொன்னது இவ்வளவுதானாம்:

“எல்லாம் எழுதி வச்சுட்டுத்தானுங் சார் வந்தேன். எந்த வரிசைக்கு எத்தன இழுவைன்னு. பேப்பர எடுக்க வேண்டாம், அயர்ன் போட வேண்டாம்னு முதல் வரியிலயே எழுதியிருந்தேன்.”

அந்த எண்கள் இப்போது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டான். மெஷினைத் தொட்டால் கை சொல்லும், வாயால் சொல்லத் தெரியாது என்றாள். டேனியல் குறுக்கே வந்து, “போதுங்க சார், அவளப் பேசுனது போதும்” என்று கதவைச் சாத்தினான். கை சொல்லியிருந்தாலும் பிரயோசனம் இல்லை. அதற்குள் பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆர்டர் ஒன்று வந்து, மெக்கானிக் அந்த மெஷினை முழுசாகக் கழற்றிப் புதிதாக முறுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தான். பெங்களூர்க்காரர்களும் தகட்டில் பண்ணின ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்துவிட்டிருந்தார்கள்.

திரும்பி வந்தவன் அம்மாவிடம், துணிக்கு மேல் ஒரு தாள் இருந்ததா என்று கேட்டான். தெய்வாத்தாள் பார்க்கவில்லை என்றாள். பிறகு மாடிச் சுவர் பக்கம் வந்து என்னைக் கேட்டான்.

“உங்களுக்குத் தெரியாம இந்த ஊட்டுல எதும் நடக்காதுங்களே. ஒரு பேப்பரு பாத்தீங்களா?”

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே என்னை நம்பிக் கேட்டான். தெருவில் எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்கிறவள் என்று எனக்குப் பேர். அன்றைக்கு, “இல்லீங் கண்ணு, நான் எதும் பாக்கல” என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான்.

ஜனனியைப் பெண் பார்க்கிற பேச்சு அதோடு நின்றது. ஆபரேட்டர்ப் பெண் விவகாரம் பல்லடம் வரைக்கும் போய்விட்டது. யார் வாய் வழியாகப் போனது என்று தெய்வாத்தாள் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தை மாதம் ஜனனி, அவினாசிக் கதிர்வேலைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போனாள். பூங்குழலிக்கு ஆவணியில் அருள்புரத்திலேயே கல்யாணம். மாப்பிள்ளை கம்பெனி வேன் ஓட்டுகிறார். இந்தத் தெருவில் யாருக்கும் பத்திரிகை வரவில்லை. தரணி அப்பாவின் நாற்காலியில் நாலு மாதம் உட்கார்ந்து பார்த்துவிட்டு ஓசூருக்குப் போனான். டவர்களில் ஏறி மற்றவர்கள் பண்ணின ஆன்டெனாக்களை முடுக்குகிற கான்ட்ராக்ட் வேலை. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பொங்கலுக்கு வந்தால் ரெண்டு நாள் இருப்பான்.